அட்டையில் எந்த ஊர் தெரிகிறது?

1966 மார்ச் மாத லண்டன் 'வோக்' ஃபேஷன் இதழின் அட்டையில் டோன்யேல் லூனா இருந்தார். டெட்ராய்டில் பிறந்த கறுப்பினப் பெண். டேவிட் பெய்லி எடுத்த அந்தப் படத்தில் அவருடைய கை முகத்தின் பெரும்பகுதியை மூடியிருக்கும். விரித்த விரல்களுக்கு நடுவே ஒரு கண் மட்டும் நம்மை நேராகப் பார்க்கும். 'வோக்' பெயரில் வந்த எந்தப் பதிப்பின் அட்டையிலும் அதற்கு முன் ஒரு கறுப்பினப் பெண் இடம்பெற்றதில்லை. அதே ஆண்டில் பாரிஸ் பதிப்பின் ஆசிரியர் எட்மோண்ட் ஷார்ல்-ரூ பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கறுப்பின மாடல் ஒருவரை அட்டையில் போட அவர் முயன்றதுதான் காரணம் என்று அப்போதே பேசப்பட்டது. (வேலை போன அதே ஆண்டில் அவருடைய நாவலுக்கு பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசு கிடைத்தது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி.)

நியூயார்க் பதிப்பு 1974 ஆகஸ்டில் பெவர்லி ஜான்சனை அட்டைக்குக் கொண்டுவந்தது. பாரிஸ் பதிப்பு 1988 ஆகஸ்டில்தான் நவோமி கேம்ப்பெல்லை ஏற்றுக்கொண்டது. அதுவும் எளிதாக நடக்கவில்லை. உடை வடிவமைப்பாளர் இவ் சாங் லோரான் தம் நிறுவனத்தின் விளம்பரங்களை நிறுத்திவிடுவதாகச் சொன்ன பிறகே நடந்தது என்று நவோமியே பலமுறை சொல்லியிருக்கிறார். லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே ஒரு கால்வாய்தான். இந்த விஷயத்தில் 22 ஆண்டுகள்.

ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே எழுத்துரு. ஆனால் எந்த ஊரில் அச்சானதோ அந்த ஊரின் துணிச்சலும் அச்சமும் அட்டையில் தெரிந்தன. 'வோக்' இதழின் பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் வந்ததே இதனால்தான். உடை பற்றி அவை சொல்வது பெரும்பாலும் ஒன்றேதான். அந்தந்தச் சமூகம் தன்னைப் பற்றி எதை ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தது என்பதுதான் பதிப்புக்குப் பதிப்பு மாறியது.

தொடக்கத்தில் இந்த வித்தியாசத்தை யாரும் விரும்பவில்லை. 1892 டிசம்பரில் ஆர்தர் டர்னூர் நியூயார்க்கில் தொடங்கியபோது 'வோக்' செல்வந்தர் வீட்டு விருந்துகளையும் திருமணங்களையும் பதிவு செய்யும் வார ஏடு. 1909-இல் அதை வாங்கிய கோண்டே நாஸ்ட்தான் அதைப் பெரும் வணிகமாக்கினார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் பிரதிகளைக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்புவது கடினமானதும், 1916 செப்டம்பரில் லண்டனிலேயே அச்சிட ஏற்பாடு செய்தார். 1920-இல் பாரிஸ் வந்தது. வெளிநாட்டுப் பதிப்பு என்ற எண்ணம் கப்பல் தடைப்பட்டதால் பிறந்தது. அந்தந்த நாட்டுக்கு ஒரு குரல் வேண்டும் என்ற நோக்கம் அதில் கிடையாது. நியூயார்க்கில் சமைத்ததை லண்டனில் பரிமாறினால் போதும் என்பதே கணக்கு.

அந்தக் கணக்கை முதலில் கலைத்தவர் டொரதி டாட். 1922-இல் லண்டன் பதிப்பின் ஆசிரியரானார். அவர் காலத்தில் தொப்பி விளம்பரத்துக்கு அடுத்த பக்கத்தில் வர்ஜீனியா வுல்ஃபின் கட்டுரையைப் படிக்கலாம். நவீன ஓவியமும் இலக்கியமும் உடையோடு சேர்ந்தே ஒரு காலத்தின் ரசனை என்று அவர் நம்பினார். விற்பனை சரிந்தது, 1926-இல் நாஸ்ட் அவரை வெளியேற்றினார். வணிகமாகப் பார்த்தால் நாஸ்ட் செய்தது சரியாக இருக்கலாம். ஆனால் இன்று ஆய்வாளர்கள் தேடிப் போவது டாடின் இதழ்களைத்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது பாரிஸும் லண்டனும் வேறுவேறு வழியில் போயின. ஜெர்மானியர் பாரிஸுக்குள் நுழைந்ததும் அங்கு ஆசிரியராக இருந்த மிஷேல் த ப்ரூனோஃப் இதழை மூடினார். நாஜிகளின் அனுமதியோடு நடத்துவதைவிட நடத்தாமலே இருப்பது மேல் என்பது அவர் முடிவு. 1945 ஜனவரியில்தான் மறுபடி இதழ் வந்தது. லண்டனில் ஆட்ரி விதர்ஸ் குண்டுவீச்சுக்கு நடுவே இதழை நடத்தினார். புகைப்படக்காரர் லீ மில்லர் போர்முனைக்குப் போவதற்குத் துணை நின்றார். புகென்வால்ட், டாகாவ் வதைமுகாம்கள் திறக்கப்பட்டபோது லீ மில்லர் அங்கே இருந்தார். சடலக் குவியல்களைப் படமெடுத்து அனுப்பி, இது உண்மை, நம்புங்கள் என்று ஆசிரியருக்குத் தந்தி கொடுத்தார்.

அந்தப் படங்களை 1945 ஜூனில் பெரிதாக வெளியிட்டது நியூயார்க் பதிப்பு. லீ மில்லரை அனுப்பிவைத்த லண்டன் பதிப்போ ஒரே ஒரு படத்தைச் சிறிதாகப் போட்டது. போர் முடிந்த மகிழ்ச்சியில் நாடு இருந்தது, அந்த மனநிலைக்கு அவை பொருந்தாது என்று தோன்றியது என விதர்ஸ் பின்னாளில் விளக்கினார். ஆறு ஆண்டுகள் போரைத் தலைமேல் தாங்கிய ஊர் கொடுமையைப் பார்க்க முடியாமல் முகம் திருப்பியது. தூரத்தில் இருந்த ஊருக்கு அதைப் பார்க்க முடிந்தது. யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரண்டு பதிப்புகள் இருந்ததால்தான் அந்தப் படங்கள் அந்தப் பக்கங்களில் வாசகரை எட்டின. ஒன்று தயங்கியபோது இன்னொன்று முன்வந்தது.

இந்தத் தன்னாட்சி முழுதாக மலர்ந்தது 1988-க்குப் பிறகு. அந்த ஆண்டில் அன்னா விண்டூர் நியூயார்க்கிலும் ஃப்ராங்கா சொட்ஸானி மிலானிலும் பொறுப்பேற்றார்கள். அன்னாவின் முதல் அட்டை, நவம்பர் 1988, பலருக்கு நினைவிருக்கும். கிறிஸ்டியன் லாக்ருவாவின் விலையுயர்ந்த மேலாடையோடு சாதாரண ஜீன்ஸ் அணிந்து, கண்கள் பாதி மூடியபடி சிரிக்கும் மாடல் மிகேலா பெர்கு. அச்சகத்திலிருந்து அழைத்து, தவறான படத்தை அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டார்களாம். அன்னாவின் வழி அது: எட்டாத உயரத்தில் இருந்த ஃபேஷனைத் தெருவுக்கு இறக்கி, பிறகு சினிமா நட்சத்திரங்களோடு இணைத்து, விளம்பரத்தை மலைபோல் குவிப்பது. 2012 செப்டம்பர் இதழ் 916 பக்கம். அதில் 658 பக்கம் விளம்பரம்.

சொட்ஸானியின் நிலைமை வேறு. இத்தாலிய மொழி இத்தாலிக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. ஆகவே படங்களே மொழியாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தார். வாசகர் குறைவு என்ற பலவீனமே அவருக்குச் சுதந்திரம் ஆனது. புகைப்படக்காரர் ஸ்டீவன் மைசல் அவருக்காக எடுத்த படத்தொடர்களை நினைத்துப் பார்க்கிறேன். 2005 ஜூலையில் அழகு அறுவைச் சிகிச்சை மோகம்; கட்டுப்போட்ட முகங்களோடு பணக்காரப் பெண்கள். 2010 ஆகஸ்டில் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவு. கருப்பு எண்ணெயில் தோய்ந்து பாறைகளில் கிடக்கும் பறவைபோல ஒரு மாடல். ஒரு பேரழிவை உடை விற்கும் பக்கங்களில் காட்டலாமா என்று அன்று சண்டை நடந்தது. நியாயமான கேள்விதான். ஆனாலும் நியூயார்க் பதிப்பு அன்று தொடத் தயங்கியதை அவர் தொட்டார்.

அவற்றில் மிகப் பெரிதாகப் பேசப்பட்டது 2008 ஜூலை இதழ். கட்டுரைப் படங்கள் முழுக்கக் கறுப்பினப் பெண்களே. நான்கு அட்டைகள்: லியா கெபேதே, செசிலி லோபஸ், ஜோர்டன் டன், நவோமி கேம்ப்பெல். கடைகளில் தீர்ந்துபோய் மறுபதிப்பு வந்தது. ஃபேஷன் மாத இதழுக்கு அது வழக்கமே இல்லாத ஒன்று. கறுப்பு முகம் அட்டையில் இருந்தால் விற்காது என்று பல காலமாகச் சொல்லிவந்த சாக்கு ஒரே மாதத்தில் உடைந்தது.

அதற்கு அடுத்த மாதம், 2008 ஆகஸ்ட், நம் நாட்டுப் பதிப்பு என்ன செய்தது?

கிராமத்து ஏழை மக்களைத் தேடிப் போய், அவர்கள் கையில் விலையுயர்ந்த பொருட்களைக் கொடுத்துப் படமெடுத்தது. பல்போன மூதாட்டி குழந்தையை வைத்திருக்கிறார். குழந்தையின் கழுத்தில் ஃபெண்டி நிறுவனத்தின் எச்சில் துணி. வெறுங்காலோடு நிற்கும் பெரியவர் கையில் பர்பெரி குடை. பொருளின் பெயரும் விலையும் படத்தோடு உண்டு. அந்த மனிதர்களின் பெயர் இல்லை. இந்தியாவுக்குள்ளும் வெளியிலும் கண்டனம் எழுந்தது. இதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் ஆசிரியர் தரப்பின் பதில்.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு 1956 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு புகைப்படக்காரர் நார்மன் பார்க்கின்சன் லண்டன் பதிப்புக்காக இந்தியா வந்தார். ஜெய்ப்பூர் அரண்மனை வாசலில் இளஞ்சிவப்பு மேலங்கியில் மாடல் ஆன் கன்னிங், பக்கத்தில் அலங்கரித்த யானை. கண்ணைப் பறிக்கும் படம், மறுக்க முடியாது. அந்தக் காலத்து இந்தியப் பயணப் படங்களில் இந்தியர்களின் இடம் பெரும்பாலும் யானையின் இடம்தான்: பின்னணி. அது வெளியூர்க்காரரின் கண், விட்டுவிடலாம். 52 ஆண்டுகள் கழித்து மும்பையிலிருந்து நடத்தப்படும் பதிப்பு, தன் சொந்த மக்களை அதே கண்ணால் பார்த்தது. உள்ளூரில் ஓர் ஆசிரியர் குழு இருந்துவிட்டால் மட்டும் உள்ளூர்ப் பார்வை வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆசியப் பதிப்புகளின் தொடக்கமே அப்படித்தான் இருந்தது. சீனப் பதிப்பு 2005 செப்டம்பரில் வந்தது. அட்டையில் சீன மாடல்கள் ஐவர். கூடவே பொன்னிற முடியோடு ஆஸ்திரேலியாவின் ஜெம்மா வார்ட். இந்தியப் பதிப்பு 2007 அக்டோபரில் வந்தது. முகப்பில் பிரியங்கா சோப்ரா, பிபாஷா பாசு. நடுவில் மறுபடியும் அதே ஜெம்மா வார்ட். நூறு கோடிக்கு மேல் மக்கள் வாழும் இரண்டு நாடுகள் தங்கள் முதல் இதழை வெளியிடுகின்றன. இரண்டுக்கும் ஒரே வெள்ளைக்காரப் பெண் அருகில் நின்று சான்று தர வேண்டியிருந்தது. பத்தாம் ஆண்டு வந்தபோதும், 2017 மே இதழில், இந்தியப் பதிப்பு அமெரிக்க மாடல் கெண்டல் ஜென்னரை அட்டையில் போட்டு ஏச்சு வாங்கியது.

பிறகு மெல்ல மாறியது. 2019 அக்டோபரில் நயன்தாரா, மகேஷ் பாபு, துல்கர் சல்மான் ஆகியோரை வைத்துத் தென்னிந்தியச் சிறப்பிதழ் வந்தது. மும்பைக்குத் தெற்கேயும் சினிமா உண்டு என்பது 12 ஆண்டுகள் கழித்துத்தான் அட்டை வரை எட்டியது. 2020 நவம்பரில் அட்டையில் இருந்தவர் கேரளத்தின் அன்றைய சுகாதார அமைச்சர் கே.கே. ஷைலஜா, கைத்தறிச் சேலை, கண்ணாடி, பள்ளிக்கூட ஆசிரியையின் அதே முகம். இந்தியப் பதிப்பின் அட்டைகளில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். எந்த வெளியூர்ப் பதிப்பும் அதைச் செய்திருக்காது, செய்யவும் முடியாது.

அதே நேரத்தில் மேலே பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. கொரோனா விளம்பர வருவாயை அடித்துச் சென்றது. 2020 செப்டம்பரில் உலகெங்கும் இருந்த 26 பதிப்புகளும் வரலாற்றில் முதன்முறையாக 'நம்பிக்கை' என்ற ஒரே கருப்பொருளில் இதழ் வெளியிட்டன. அன்று எல்லோரும் அதை ஒற்றுமை என்று பாராட்டினோம். டிசம்பரில் அன்னா விண்டூர் எல்லாப் பதிப்புகளுக்கும் மேலான உலகத் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அதையொட்டி ஜெர்மனி, சீனா, ஸ்பெயின், இந்தியா, பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான் என்று ஒவ்வொரு பதிப்பின் தலைமை ஆசிரியரும் விலகினார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோரின் பதவிப் பெயர் 'உள்ளடக்கத் தலைவர்'. அவர்களுக்கு மேலே வட்டார இயக்குநர். அவருக்கும் மேலே நியூயார்க். 2025-இல் அன்னாவே அமெரிக்கப் பதிப்பின் அன்றாடப் பொறுப்பை க்ளோயி மாலிடம் விட்டபோது, க்ளோயிக்குக் கிடைத்ததும் அதே பதவிப் பெயர்தான். உலகத் தலைமையை அன்னா விடவில்லை.

நடைமுறையில் இதற்கு அர்த்தம் என்ன? ஒரு நட்சத்திரத்தை ஒருமுறை படமெடுத்து, ஒருமுறை பேட்டி கண்டு, பல நாடுகளில் வெளியிடலாம். 2023 செப்டம்பரில் நியூயார்க், லண்டன் இரண்டு பதிப்புகளின் அட்டையிலும் நவோமி, சிண்டி, லிண்டா, கிறிஸ்டி என்ற அதே நான்கு மாடல்கள், ஒரே படப்பிடிப்பிலிருந்து. அழகான அட்டைதான். ஆனால் செப்டம்பர் இதழ் என்றாலே இரு நகரங்களும் போட்டி போட்ட காலம் உண்டு. இப்போது இரண்டையும் வாங்க வேண்டிய தேவை இல்லை.

சிக்கனத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. அதைத் துல்லியமாக எழுதிவைத்தவரே பழைய முறையின் ஆசிரியர்தான். 2020 ஜனவரி இத்தாலியப் பதிப்பில் எமானுவேலே ஃபார்னெட்டி படப்பிடிப்பே நடத்தாமல் எல்லாவற்றையும் ஓவியர்களை வரையச் சொன்னார். காரணத்தையும் கணக்கோடு எழுதினார்: முந்தைய செப்டம்பர் இதழின் எட்டுப் படத்தொடர்களுக்காக 150 பேர், ஏறக்குறைய 20 விமானப் பயணங்கள், 40 கார்கள், 60 பன்னாட்டுப் பார்சல்கள். மிச்சமான பணம், வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட வெனிஸின் குவெரீனி ஸ்தம்பாலியா நிறுவனத்துக்குப் போனது. அதே ஆண்டு ஏப்ரலில், இத்தாலி பெருந்தொற்றில் மூச்சுத் திணறியபோது, அவர் வெளியிட்ட அட்டை வெறும் வெள்ளை. அடுத்த ஆண்டு அவரும் போய்விட்டார். செலவைக் குறைக்கவும் புவியைக் காக்கவும் ஓர் உள்ளூர் ஆசிரியர் கண்ட வழி அது. பக்கங்களைப் பகிர்ந்துகொள்வது நிறுவனம் கண்ட வழி. முதலாவதில் இத்தாலி தெரிந்தது.

மத்தியில் ஒரே தலைமை இருந்தால் பாரிஸில் 22 ஆண்டு நடந்ததுபோன்ற அடம் இனி நடக்காது என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். அட்டைகளில் இன்று பல நிறங்கள், பல உடலமைப்புகள், பல வயதுகள் தெரிவது உண்மை. ஆனால் 1966-இல் ஒரே தலைமை இருந்திருந்தால் அது லண்டன் பக்கம் நின்றிருக்குமா, பாரிஸ் பக்கமா? நியூயார்க்குக்கு அன்று இன்னும் எட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. அதன் அட்டையைப் படமெடுக்க ஒரு கறுப்பினப் புகைப்படக்காரரை, டைலர் மிட்செல்லை, அழைக்க 2018 வரை, அதாவது 126 ஆண்டுகள், ஆனது. நல்லெண்ணம் உள்ள மத்தியத் தலைமையும் தன் ஊர் எந்த அளவு தயாரோ அந்த அளவே போகும்.

இப்போது பதிப்புகளை ஒப்பிட விரும்புகிறவர் பார்க்க வேண்டிய இடம் வேறு. நிறுவனமே நேரடியாக நடத்தும் பதிப்புகள் ஒன்றையொன்று ஒத்துப்போகத் தொடங்கிவிட்டன. உரிமம் பெற்று உள்ளூர்ப் பதிப்பகங்கள் நடத்தும் பதிப்புகளில்தான் ஊர் வாசனை மிச்சமிருக்கிறது. போலந்தின் முதல் இதழ், 2018 மார்ச்: மூட்டமான வானம், வார்சாவில் ஸ்டாலின் காலத்தில் எழுந்த கலாசார மாளிகை, ஒரு கருப்பு வோல்கா கார், அதனருகே இரண்டு போலந்து மாடல்கள். எங்கள் நாட்டை இவ்வளவு மங்கலாகவா காட்டுவது என்று அங்கே கொந்தளித்தார்கள். ஜெம்மா வார்டை வரவழைக்காத துணிச்சல் அது. அரபுப் பதிப்பு 2018 ஜூனில் சவூதி இளவரசி ஒருவரைக் காரின் ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, பெண்கள் வண்டி ஓட்டும் உரிமையைக் கொண்டாடியது. அந்த உரிமைக்குப் போராடிய பெண்கள் முந்தைய மாதம்தான் கைதாகிச் சிறையில் இருந்தார்கள். அந்த அட்டை என்னைக் கோபப்படுத்துகிறது. ஆனால் அந்த நாட்டின் அன்றைய நிலையை அது தன்னையறியாமல் சொல்லிவிட்டது.

2022-இல்தான் தொடங்கிய பிலிப்பைன்ஸ் பதிப்பு, 2023 ஏப்ரலில் அப்போ வாங்-ஓட் அவர்களை அட்டையில் வைத்தது. வடக்கு மலைநாடான கலிங்காவில் புஸ்கலான் கிராமத்தைச் சேர்ந்த பச்சை குத்தும் கலைஞர், அப்போது வயது 106. மூங்கில் குச்சி, முள், கரி இவற்றால் தம் இனத்தின் சின்னங்களைத் தோலில் பதிப்பவர். தம் குடும்பத்தின் இளம்பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர். கழுத்து நிறைய மணிகள், கை முழுக்கக் கோலம்போன்ற பச்சை, உதட்டில் சிவப்புச் சாயம். 'வோக்' அட்டையில் வந்தவர்களிலேயே மூத்தவர் அவர்தான். அவர் கையில் யாரும் வெளிநாட்டுக் குடையைத் திணிக்கவில்லை. அவர் பெயர் அட்டையிலேயே இருந்தது. 2008 ஆகஸ்ட் இந்தியப் பதிப்பையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி இதழியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரையும் கேட்டுக்கொள்வேன்.

ஆனால் இந்த உரிமம் யாருக்குக் கிடைக்கிறது என்பதும் ஒரு கேள்வி. 2018-இல் லாகோஸில் நடந்த ஃபேஷன் வாரத்தில் நவோமி கேம்ப்பெல் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு 'வோக்' வேண்டும் என்று கேட்டார். 2022 பிப்ரவரியில் லண்டன் பதிப்பு, கானாவில் பிறந்த எட்வர்ட் என்னின்ஃபுல் ஆசிரியராக இருந்தபோது, ஒன்பது ஆப்பிரிக்க மாடல்களை ஒரே அட்டையில் நிறுத்தியது. உலகமே அதைப் பகிர்ந்தது. அந்த ஒன்பது பெண்களின் கண்டத்திலிருந்து, அதன் நகரங்களில் இருக்கும் ஆசிரியர்கள் கையால், ஓர் இதழ் வர வேண்டும். நியூயார்க் நிறுவனம் இன்னும் அதற்கு வழிவிடவில்லை.